வாலுக்கு ஒரு நேரம், வாய்க்கு ஒரு நேரம்

ஒரு காட்டில், அதுவும் கடிகாரம் என்ற சாமானையே பார்த்திராத காட்டில், ஏகாம்பரம் என்று ஒரு புலி இருந்தார். 'இருந்தார்' என்றுதான் சொல்ல வேண்டும். கதையில்கூட மரியாதை குறைந்தால் அவருக்குப் பிடிக்காது. மற்றபடி கெட்ட புலி என்று சொல்ல முடியாது. பசித்தால்தான் கொல்வார், கொன்றால் மிச்சம் வைக்க மாட்டார். ஒரே ஒரு பிடிவாதம். ராகு காலத்தில் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. எமகண்டத்தில் வேட்டைக்குக் கிளம்ப மாட்டார். கிளம்பும்போது குறுக்கே பூனை போனால் திரும்பி வந்து படுத்துவிடுவார். தானே ஒரு பெரிய பூனைதான் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நீங்கள் போய்ச் சொல்வீர்களா?

காட்டுக்கு நேரம் சொல்வது தண்டபாணி என்ற காட்டுச்சேவலின் பொறுப்பு. பாறைமேல் நின்று சூரியனைப் பார்ப்பான், கூவுவான். ஒரு காடு, ஒரு சேவல், ஒரு நேரம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, கோமளம் என்ற மான் ஓடையில் தண்ணீர் குடிக்க வந்தாள். குட்டி ஈன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. மேட்டுப் புதரில் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிப்போய்ப் பால் கொடுக்கலாம் என்று வந்தவள். தலையைத் தாழ்த்தினாள். ஏகாம்பரம் பாய்ந்தார். ஒரே அடியில் ஆளை அமுக்கிவிட்டு வாயைத் திறக்கிறார், பாறைமேலிருந்து கூவல் வருகிறது.

"ராகு காலம் ஆரம்பிச்சாச்சு! ராகு காலம் ஆரம்பிச்சாச்சு!"

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். "சே! திங்கட்கிழமைன்னா ஏழரைக்கே வந்து நிக்குமே. நினைப்பே இல்லாம போச்சு."

முன்னங்காலைக் கோமளத்தின் முதுகில் வைத்தபடி உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதேம்மா. ஒன்பது மணி வரைக்கும் இப்படியே இரு. பாரமா இருக்கா?"

"பாரமாத்தான் இருக்குங்க ஐயா."

நகத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் முடியும் என்றார்.

கோமளம் அழுதாள். சாகப் பயந்துதான் அழுதாள், அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அதைவிடப் பெரிய பயம் குட்டியைப் பற்றி. பசித்தால் கத்தும். கத்தினால் செந்நாய்களுக்கு இடம் தெரிந்துவிடும். அவளுடைய அழுகைச் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. கரடி வந்தது. கீரிப்பிள்ளை தம்பதி வந்தார்கள். இலவசமாக ஒரு சோகம் நடக்கிறது என்றால் யார்தான் வரமாட்டார்கள்?

அந்தச் சத்தத்தில் ஓடை நடுவே தூங்கிக்கொண்டிருந்த நாரையும் விழித்தது. பனிக்குப் பயந்து வருஷா வருஷம் கடல் தாண்டி வருகிற நாரை. 'துரை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வந்து இரண்டு மாதம் ஆகியும், 'எங்க ஊர் நேரப்படிதான் இருப்பேன்' என்று ஒரே அடம். காடு மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போது துரை காலைப் பலகாரம் என்பான். காடு தூங்கின பிறகு ராச்சாப்பாட்டுக்கு மீன் தேடித் தண்ணீரைக் கலக்குவான். 'உங்க ஊர்ல இப்ப மணி என்ன?' என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று அவனுக்கு ஏக்கம். ஒரு ஜீவன் கேட்டதில்லை.

"என்ன கூச்சல் இங்க? மனுஷன் தூங்க வேணாமா?" என்றான், மனுஷனாக இல்லாவிட்டாலும்.

"ராகு காலம். ஐயா சாப்பிடக் காத்துட்டு இருக்காரு" என்றான் தண்டபாணி.

துரை சிரித்தான். "எல்லா இடத்துக்கும் ஒரே ராகு காலமா? சூரியன் கிழக்க முன்னாடி வரும், மேற்க பின்னாடி வரும். அதனால கிழக்க முன்னாடி முடியும், மேற்க பின்னாடி முடியும். உலகத்தையே அப்படிக் கோடு போட்டுப் பிரிச்சு வெச்சிருக்காங்க. உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? சுத்தக் காட்டுமிராண்டிங்க."

"இது காடுதானே?" என்றது கரடி.

கோமளத்துக்கு மட்டும் சுருக்கென்று ஒன்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க வால் கிழக்கால இருக்கு. தலை மேற்கால இருக்கு. துரை சொல்றபடி பார்த்தா, வாலுக்கு ராகு காலம் முடிஞ்சாலும் வாய்க்கு முடிஞ்சிருக்காதே?"

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக எந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். காலை எடுக்காமலே ஒரு சுற்றுச் சுற்றி, தலையைக் கிழக்கே வைத்துக்கொண்டார். "இப்ப சரியா?"

"இப்ப வாய்க்குச் சீக்கிரம் முடிஞ்சுரும் ஐயா. ஆனா முழுங்கினா வால் பக்கமாத்தானே போகும்? நல்ல நேரத்துல சாப்பிட்டது ராகு காலத்துல போய் விழும். செரிக்குமா சொல்லுங்க?"

"ஐயையோ!" என்றார் புலி. அன்று வரை அவரைப் பார்த்து மற்றவர்கள் சொன்ன வார்த்தை அது.

"கோடு போடாம இது தீராது. இந்தப் பக்கம் இந்த நேரம், அந்தப் பக்கம் அந்த நேரம்னு ஒரு முடிவு கட்டிடறேன். நீ இங்கயே இரு, வந்துடறேன்" என்று கோமளத்தின் முதுகிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து போனார்.

காலை எடுத்துவிட்டார்! அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "ஓடு கோமளம், ஓடு!" என்று கீரிப்பெண்சாதி அடிக்குரலில் கத்தினாள்.

கோமளம் அசையவில்லை. "இப்பவா? ராகு காலத்துலயா கிளம்பச் சொல்றே?"

"அடிப்பாவி! உசுரு போகப்போகுதுடி!"

"அதுக்குன்னு? எங்க அத்தை இப்படித்தான் ராகு காலத்துல கிளம்பினா. பாதி வழியில புலி அடிச்சுத் தின்னுருச்சு."

தூரத்திலிருந்து ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். "உங்க அத்தையைப் பிடிச்சதுதான் ராகு காலத்துல. சாப்பிட்டது முடிஞ்சப்புறம். வீண்பழி போடாதே."

"அதைத்தான் ஐயா நானும் சொல்றேன்" என்றாள் கோமளம். மேட்டுப் புதரைப் பார்த்தாள், மறுபடி அழுதாள். ஆனால் ஒரு குளம்பைக்கூட எடுத்து வைக்கவில்லை. இவளை நான் என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஏகாம்பரம் நகத்தால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். கீரி வளையின் நடுவே கோடு போனது. "ஐயா, எம் பெண்சாதிக்கு ஒரு நேரம், எனக்கு ஒரு நேரம் வெச்சீங்கன்னா குடும்பம் எப்படி நடக்கும்?" என்றது கீரி. வளையைச் சுற்றிக் கோடு வளைந்தது. "ரெண்டு பக்கத்துக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம்" என்றான் துரை. "ஒரு மணி எல்லாம் கட்டாது, அரை மணியா போட்டுக் குடுங்க" என்றது கரடி, எதற்குக் கட்டாது என்று அதற்கே தெரியாமல். பேரம் அரை மணியில் முடிந்தது. கடைசியில் தன் குகை எந்தப் பக்கம் வரலாம் என்று புலி யோசித்தார். மேற்குப் பக்கம் என்றால் காலையில் அரை மணி கூடத் தூங்கலாம். குகையை மேற்கில் விட்டு, ஓடையைக் கிழக்கில் விட்டு, கோட்டை இழுத்து முடித்தார். முடித்துவிட்டுக் குகை வாசலில் நின்று அழகு பார்த்தார். துரையும் பக்கத்தில் வந்து, ஒற்றைக் காலில் நின்று, "பரவாயில்லை, எங்க ஊர் அளவுக்கு வராது" என்றான்.

அப்போது தண்டபாணி கூவினான். "கிழக்குப் பக்கத்துக்கு ராகு காலம் முடிஞ்சது! மேற்குக்கு இன்னும் அரை மணி இருக்கு!"

கோமளம் எழுந்தாள். உடம்பை உதறிக்கொண்டாள். வலது காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

"ஏய், நில்லு!" என்று உறுமிக்கொண்டு கோட்டைத் தாண்டப் போனார் ஏகாம்பரம்.

"மிஸ்டர் ஏகாம்பரம், எல்லை தாண்டறதும் பயணம்தானே?" என்றான் துரை, யாரும் கேட்காமலே. "உங்க பக்கம் இன்னும் ராகு காலம்."

தூக்கின கால் அந்தரத்தில் நின்றது. "போயிட்டு வரேங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கோமளம் மேட்டில் ஏறினாள். ஏற ஏற ஓட்டமாகி, புதருக்குள் பாய்ந்தாள். குட்டி முட்டி முட்டிப் பால் குடிக்கிற சத்தம் கீழே வரை கேட்டது. கீரிப்பெண்சாதி அழுதே விட்டாள்.

புலி காலைக் கீழே வைத்தார். வயிறு கடமுடா என்றது. மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார்.

"ஏம்ப்பா துரை, உங்க ஊர்ல இப்ப மணி என்ன?"

துரை சிறகை ஒரு தடவை விரித்து மூடினான். இரண்டு மாதத்தில் முதல் தடவை! "அஞ்சரை!" என்றான். "இன்னும் விடியவே இல்லை."

"விடியலைன்னா ராகு காலமும் கிடையாதே?"

"எங்கிருந்து வரும்?"

"அப்ப பிரம்ம முகூர்த்தம். நல்ல காரியம் ஆரம்பிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. நீ இங்க வந்தாலும் உனக்கு அந்த நேரம்தானா, இல்லை எங்க நேரமா?"

"நான் எங்க போனாலும் எங்க ஊர் நேரம்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் துரை.

"அதைத்தான் கேட்டேன். எனக்கு என்ன நேரமா இருந்தா என்ன, காரியம் நடக்கப் போறது உம்மேலதானே?"

'என்ன காரியம்?' என்று கேட்பதற்குள் அது முடிந்துவிட்டது. இறகு கொஞ்சம் மிச்சமிருந்தது. அரை மணி கழித்து மேற்குக்காகத் தண்டபாணி கூவியபோது ஏகாம்பரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நீதி: யாராவது மணி கேட்டால், அவர் சாப்பிட்டாயிற்றா என்று முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் சொல்லவும்.