கொம்பு வைத்த டி

ஸ்டோர்கீப்பருக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண்வலி, ஒரு நாள் லீவு வேண்டுமென்று புது மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். பதில் இங்கிலீஷில் வந்தது: "யூ'ட் பெட்டர் ஸ்டே ஹோம்."

எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் போனை மனைவியிடம் நீட்டினார். மற்றதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. 'யூ'வுக்கும் 'டி'க்கும் நடுவே தொங்கிய சின்னக் கொம்புதான் இடித்தது.

"டி-ன்னா ஹேட். ஹேட்னா முடிஞ்சுபோன விஷயம்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றாள் தயங்கி. "வேலை முடிஞ்சுபோச்சு, இனிமே வீட்லயே இருங்கன்னு சொல்றாரோ என்னவோ."

அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பார்க்கிற வேலை. மேனேஜர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன குற்றம் கண்டார்?

அவள் தன் தம்பியை வரவழைத்தாள். அவன் உடற்பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர். வாசலில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் உள்ளே நுழைவான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் கொஞ்ச நாள் போனவன். முழு அர்த்தம் தனக்கும் பிடிபடவில்லை, ஆனால் 'பெட்டர்' என்று வருவதால் இது ரொம்ப மரியாதையான பேச்சு, பெரிய ஆட்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்றான். நாமும் அதே மரியாதையோடு பதில் போட்டுவிட்டு நேரில் போய்ப் பேசிவிடலாம். கொஞ்சம் காத்திருங்கள், வந்துகொண்டிருக்கிறேன் என்பதை அவனே இங்கிலீஷாக்கி அனுப்பினான்: "யூ'ட் பெட்டர் வெயிட். ஐ ஆம் கமிங்."

பதில் வரவில்லை. இருவரும் கிளம்பினார்கள். வெளிச்சம் கூசியதால் அவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். மாமா எங்கேயாவது தடுக்கி விழுந்துவிடுவார் என்று அக்கா சொல்லியிருந்ததால், மச்சினன் அவரை ஒட்டியே நடந்தான்.

ஆபீஸ் வாசலில் நுழைந்தபோது மேனேஜர் அறை ஜன்னல் திரை ஒருமுறை விலகி மூடியது. அறை உள்ளே தாழிட்டிருந்தது. ஸ்டோர்கீப்பர் மெல்லத் தட்டினார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடியும் மெல்லத் தட்டினார்.

"நகருங்க மாமா. நீங்க தட்டறது உள்ள கேக்கல," என்று மச்சினன் தட்டினான். கதவோடு சுவரும் அதிர்ந்தது.

உள்ளே விளக்கு அணைந்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் வாளியை வைத்துவிட்டு, வந்த போனைக் காதில் வைத்துக் கேட்டபடியே பக்கத்தில் வந்தாள்.

"தட்டாதீங்கண்ணே. கண்ணு சரியாகற வரைக்கும் வீட்ல இருந்தா நல்லதுன்னு அவரு அக்கறையாத்தான் போட்டாராம். நீங்க 'மரியாதையா அங்கயே இரு, வர்றேன்'னு பதில் போட்டுட்டு அடியாளோட வந்து நிக்கறீங்களாம், போலீஸைக் கூப்பிடலாமான்னு உள்ளேருந்து எனக்குப் போன் பண்ணிக் கேக்கறாரு."