மச்சினன் வராமலிருக்க ஒரு நூலகம்

"இந்த வீட்டுப் பின்னறையில என் மச்சினன் இனிமே தலை சாய்க்க மாட்டான். இது சத்தியம்!"

இப்படி ஒரு சபதத்தை நம் பார்சல்காரர் குளியலறைக்குள் நின்று, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, உடம்பு பூரா சோப்பு நுரையோடு செய்தார். சபதம் செய்ய அந்த வீட்டில் அவருக்கு வேறு இடம் கிடையாது. ஹாலில் செய்தால் வீட்டம்மா காதில் விழும். விழுந்தால் சபதம் அங்கேயே வாபஸ்.

லாரி ஆபீஸில் பார்சல் பிரிவு அவருடையது. வருகிற பெட்டியை நீளம், அகலம், உயரம் என்று டேப்பால் அளப்பார். தராசில் ஏற்றுவார். மூட்டை சரியாமல் அடுக்கச் சொல்லி லோடு ஏற்றுகிறவர்களைப் பிடித்து விரட்டுவார். அங்கே அவர் புலி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது புலித்தோலையும் சேர்த்துக் கழற்றிவிடுவார். அது பாட்டுக்கு வெளியே கிடக்கும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய புத்தகம். அதிலும் சும்மா புத்தகம் இல்லை. உளவு, பயங்கரவாதம், சர்வதேச விவகாரம். எந்த நாட்டு ஒற்றன் எந்தத் தூதரகத்துச் சுவருக்குள் மைக் வைத்தான், விமானம் கடத்தியவனோடு எப்படிப் பேரம் பேசினார்கள், எந்த இரண்டு நாடுகள் வெளியே கைகுலுக்கி உள்ளே கழுத்தை நெரித்துக்கொண்டன, எல்லாம் மனப்பாடம். உலகத்து ரகசியம் அத்தனையும் அவருக்குத் தெரியும். தன் பனியன் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

கட்டிலுக்கு அடியில் ஒற்றர்கள். பீரோ மேலே சர்வாதிகாரிகள். சமையலறைப் பரணில், பழைய குக்கருக்குப் பின்னால், ஒரு பனிப்போரே பதுங்கியிருந்தது. இதையெல்லாம் பின்னறையில் கொண்டுபோய் வைத்து, ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, நிம்மதியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பாவம் மனுஷன், அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்த ஆசையில் மண்ணள்ளிப் போடத்தான் மச்சினன் பிறந்திருந்தான்.

மச்சினன் ஆள் தங்கம். அதுதான் சங்கடமே! கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு அனுப்பிவிடலாம். இவன் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பான். போன தடவை "ரெண்டே நாள் அத்தான்" என்று வந்தவன், மழை முடிந்து, வெயில் முடிந்து, அடுத்த மழை பிடித்த பிறகுதான் போனான். அத்தானின் சட்டையைப் போட்டுக்கொண்டான், போகட்டும். அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்தான், அதுவும் போகட்டும். ஆனால் அத்தானின் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, சாப்பிடும்போது சொல்லிவிடுவான்.

"அத்தான், நீங்க படிக்கிறீங்களே அந்த உளவுத்துறைத் தலைவர் கதை, அவரேதான் எதிரியோட ஆளு!"

வாயில் வைத்த சோறு இறங்குமா? நீங்களே சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பின்னறைக் கட்டில் அவன் பாரம் தாங்காமல் நடுவில் முறிந்து உயிரை விட்டது. அதைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போனபோது பார்சல்காரர் மனசுக்குள் மேளம் அடித்தார். கட்டிலும் போச்சு, மச்சினனும் போனான் என்று இருந்தார். அந்த நிம்மதியைத்தான் சபதம் செய்த அன்று காலை ஒரு போன் வந்து கெடுத்தது.

"ஏங்க, தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தலாயிடுச்சாம்! இனிமே நம்மகூடத்தான்!" வீட்டம்மா முகத்தில் ஆயிரம் விளக்கு. "பின்னறைக்கு ஒரு கட்டில் வாங்கணும். நல்ல கெட்டியா."

அதற்குப் பிறகுதான் குளியலறைச் சபதம்.

முதலில் ஒரு பழைய உத்தியைப் போட்டுப் பார்த்தார். பணயக்கைதிகளை மீட்பது பற்றிய ஒரு புத்தகத்தில் படித்தது: பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்றான். சரி என்று வாயை இறுக மூடிக்கொண்டார். காலையில் பேசவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தும் பேசவில்லை. மறுநாளும் 'உம்'தான். தாங்க முடியாமல் வீட்டம்மா தானே வந்து கெஞ்சுவாள் என்று காத்திருந்தார்.

வீட்டம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது: "ரெண்டு நாளா வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? இப்படியே இருந்தாத் தேவலை."

அந்த உத்தி அதோடு சரி. அடுத்தது ஆக்கிரமிப்பு. கட்டில் வருவதற்குள் பின்னறையைப் புத்தகத்தால் நிரப்பிவிட வேண்டும். இடம் இருந்தால்தானே கட்டில்? கட்டில் இருந்தால்தானே மச்சினன்?

மூடிக்கிடந்த தியேட்டர் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பழைய புத்தகக்கடை. கடைக்காரர் ஒரு புத்தகத்தைத் தூக்கினால் ஒரு தும்மல், வைத்தால் ஒரு தும்மல். அவருக்குப் பெயரே தும்மல்தான்.

"வாங்க சார். ஒற்றர் புத்தகம் புதுசா ரெண்டு வந்திருக்கு. ஹச்!"

"தடியா இருக்கா?"

"எதைப் பத்தின்னு கேட்கலையே?"

"அது அப்புறம். முதல்ல தடிமனைச் சொல்லுங்க."

"என்ன சார் இது, படிக்கவா, கோட்டை கட்டவா?"

"ரெண்டுக்கும்தான்!"

வாங்கியாயிற்று. வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? இனி ஒரு புத்தகம்கூட வாசல்படி தாண்டக்கூடாது என்பது வீட்டம்மாவின் நெடுநாளைய சட்டம். பார்சல்காரர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். புத்தகங்களை உள்ளே செருகி, பெல்ட்டை இறுக்கி, வேர்த்து விறுவிறுத்து மாடிப்படி ஏறினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்த வீட்டம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"மழையா?"

"வர்ற மாதிரி இருந்துச்சு."

"வயிறு என்ன இப்படி?"

"உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன்ல, தொப்பை போட்டுடுச்சு."

"சதுரமாவா?"

அவர் அசடு வழிந்து நிற்கும்போதே தொப்பையிலிருந்து ஒரு பயங்கரவாத ஆய்வு நழுவிக் காலில் விழுந்தது. "அம்மா!" என்று அலறினார். அடுத்து இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இடி விழவில்லை. வீட்டம்மா குனிந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டையை விரலால் தட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

"கெட்டி அட்டையா இருக்கே! நல்ல கனம். இதே அளவுல இன்னும் கிடைக்குமா?"

பார்சல்காரருக்குக் கால் வலி மறந்துபோயிற்று. "எதுக்கு?"

"ஏன், உங்க புத்தகத்து மேல எனக்கு அக்கறை இருக்கக் கூடாதா? எல்லாத்தையும் மூலைக்கு ஒண்ணா ஏன் போட்டு வெச்சிருக்கீங்க? பின்னறையில ஒழுங்கா அடுக்குங்களேன்."

மனுஷன் தரையில் நிற்கவில்லை! எதிரியின் ஆளையே தன் ஆளாக மாற்றுவது என்று உளவு நூல்களில் ஒரு வித்தை வருமே, அது தன் வீட்டு வாசலிலேயே, ஒரு சொல்கூடச் சொல்லாமல், வெறும் தொப்பையால் நடந்துவிட்டதாக நினைத்தார்.

அன்றிலிருந்து மழைக்கோட்டுக்கு ஓய்வு. பட்டப்பகலில், சாக்கில் கட்டி, தோளில் தூக்கி வந்தார். வீட்டம்மா படியிறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த ஒற்றர்களும் பரணிலிருந்த பனிப்போரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். சுவரோரமாக வைக்கப் போனார்.

"அய்யய்யோ, சுவர் ஓரம் ஈரம் ஏறுங்க. நடுவுல வைங்க."

நடுவிலா! பார்சல்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். நடுவை விட்டுக்கொடுத்தால் அறையே போச்சே! போர்த் தந்திரம் தெரியாத அப்பாவி என்று பரிதாபம்கூட வந்தது. டேப்பை எடுத்தார். ஆறடிக்கு மூணடி அளந்து தரையில் கோடு போட்டார். அதுவும் வீட்டம்மா கேட்டுக்கொண்ட அளவுதான். நாலு பக்கமும் நின்று பெருக்க அவளுக்கு வசதியாக இருக்குமாம்.

"ஏங்க, இவ்வளவு அடுக்கினா சரியாதா?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் வாசலில் கிடந்த புலி உள்ளே வந்துவிட்டது.

"சரியுறதா? என்கிட்டயா? கீழ் வரிசை நீளவாக்குல, அடுத்தது குறுக்கால. செங்கல் கட்டுற மாதிரி பின்னிட்டே போகணும். ஆனா ஒண்ணு, அடியில இருந்து மட்டும் உருவக்கூடாது. உருவினா மொத்தமும் போச்சு."

"ஒரு ஆள் ஏறினாத் தாங்குமா?"

"ஆளா? யானை ஏறும்மா, யானை!"

சொன்னதோடு விட்டாரா? மேலே ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொம் தொம் என்று குதித்தே காட்டினார். அசையவில்லை. வீட்டம்மா கை தட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்குக் கை தட்டியது இதுதான் முதல் தடவை என்று நினைத்ததும் அவருக்குக் கண்கூடக் கலங்கிற்று.

அணு ஆயுத நூல்கள் அடி வரிசை. ஒற்றர்களும் தீவிரவாதிகளும் நடுவில், ஒருத்தர் மேல் ஒருத்தர். சமாதானப் பேச்சுவார்த்தைகள் எல்லாம் மெல்லிசுப் புத்தகங்கள், அவை மேல் வரிசை. "மேடு பள்ளம் இல்லாம சமமா இருக்கட்டுங்க" என்று வீட்டம்மா உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். எவ்வளவு ரசனை இவளுக்கு என்று அவர் உருகினார். ஜன்னலோரம் நாற்காலியையும் போட்டார்.

மறுநாள் காபி கொடுக்கும்போது அவள் போகிற போக்கில் சொன்னாள்: "அந்தக் கட்டில் வாங்கறதா இருந்தோமே, வேண்டாம்னு விட்டுட்டேங்க. எங்க போடுறது?"

"அடடா! தம்பி பாவம் இல்லையா?"

"என்ன பண்றது? இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரிதானே."

அன்றைக்கு லாரி ஆபீஸில் பார்சல்காரர் யாரையும் விரட்டவில்லை. மூட்டைகளுக்கே வணக்கம் சொன்னார். தராசு முள்ளைப் பார்த்து விசில் அடித்தார்.

வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் மச்சினன் வந்து சேர்ந்தான். முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். "அத்தான்!" என்று கட்டிப்பிடித்ததில் அவருக்கு மூச்சு முட்டியது. முட்டினாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவனைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பாருப்பா, நீயே பாரு. ஒரு கட்டில் போட இடம் இருக்கா? எனக்கு மனசே கேட்கலை. நல்ல ஹாஸ்டலா நானே பார்த்துத் தர்றேன்." முகத்தை ஒரு முழ நீளத்துக்குத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வீட்டம்மா கையில் சுருட்டிய மெத்தை. ஒரே உதறு. நூலகத்தின் மேல் அது போய் விரிந்தது. நாலு மூலையும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாதா பின்னே? அளந்து கட்டியவர் யார்!

மச்சினன் தொப்பென்று விழுந்தான். ஒரு கிறீச் இல்லை, ஒரு முனகல் இல்லை.

"அக்கா! மலை மாதிரி நிக்குதே! டாக்டர்கூடக் கெட்டியான இடத்துல படுக்கச் சொன்னாரு. அத்தான், எனக்காகவா இவ்வளவு பாடுபட்டீங்க?"

"இது... இது நூலகம்!" பார்சல்காரர் வீட்டம்மா பக்கம் திரும்பினார். "கட்டில் வாங்கலைன்னு சொன்னியே?"

"வாங்கலையே! எங்க இருக்கு கட்டில், காட்டுங்க."

"அவன் கனம் என்ன, என் புத்தகம் என்ன..."

"யானையே ஏறும்னீங்க. என் தம்பி யானைக்குக் கொஞ்சம் கம்மிதான்."

"எனக்கு இப்பவே ஒரு புத்தகம் எடுக்கணும்!"

"எடுங்க, எது?"

"அடி வரிசையில..."

"அடியில இருந்து உருவினா மொத்தமும் போச்சுன்னு சொன்னது யாருங்க?"

உலகத்து உளவுத்துறைகள் அத்தனையும் அவர் கண்ணெதிரே, மச்சினனின் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தன. நெஞ்சு பொறுக்கவில்லை அவருக்கு. ஜன்னலோர நாற்காலியிலாவது உட்காரலாம் என்று திரும்பினால், அதில் மச்சினனின் பெட்டி உட்கார்ந்திருந்தது.

வீட்டம்மா பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டாள். குரலில் தேன் சொட்டியது.

"ஏங்க, முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க. நல்ல சேதி ஒண்ணு இருக்கு. தம்பிக்குப் பொண்ணு முடிவாயிடுச்சு. இதை ஒட்டினாப்புல, இதே உயரத்துல, இன்னொரு மூணடி அகலத்துக்கு வேணும். நாளைக்கு வர்றப்போ தும்மல் கடைப்பக்கம் போயிட்டு வந்துடுங்க."