ரிஜெக்ட்டு என்ஜின் பார்த்த கதை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இதுவரை வேலை பார்த்தவர்களில், சாட்சாத் கடவுளே நேரில் வந்து நின்றாலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எடது தோளு கொஞ்சம் எறக்கமா கீது, எட்த்துக்கினு போங்க" என்று திருப்பி அனுப்பக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் ரிஜெக்ட்டு என்று அழைத்தோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலை எங்களுடையது. நான் வாசலில் எடைமேடைக் குமாஸ்தா. லாரி வரும், எடை போடுவேன், உள்ளே போய்க் கொட்டுவார்கள். கொட்டியதில் எது உலைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வது ரிஜெக்ட்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு பெயிண்ட் பேனா இருக்கும். வேண்டாத பொருள்மேல் அதை எடுத்துப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். போட்டால் போட்டதுதான், முதலாளி வந்து கெஞ்சினாலும் மாறாது.

இதை ஆலையோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. மனுஷன் அதே கண்ணைத் தெருவுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். கவரைப்பேட்டை டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, "டிகாஷன் கம்மி" என்று திருப்பிக் கொடுப்பார். டீ மாஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதே டீயை வேறு கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார். "இது டீ" என்று குடிப்பார்.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன் டயரைப் பார்க்காமல் ஏற மாட்டார். பின்பக்கச் சக்கரத்தைக் குனிந்து பார்த்து அவர் நிமிர்வதற்குள் பஸ் போயிருக்கும். அவர் மனைவி வசந்தா அக்கா இப்படி ஊத்துக்கோட்டையில் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்குக் கிளம்பி, திருவள்ளூரில் ஷேர் ஆட்டோவின் பிரேக்கை இவர் ரிஜெக்ட் பண்ணிவிட, தேங்காய் பழத்தட்டோடு ரயிலேறித் திரும்பி வந்த கதையும் உண்டு. ரயிலை மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அடியில் குனிந்து பார்க்க ரயில்வேக்காரர்கள் விடவில்லை.

இப்படியாக, கல்யாணமான நாள் முதல் வசந்தா அக்கா புருஷனோடு போய் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வந்ததே கிடையாது.

ஒரு நாள் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்த பழைய இரும்பு லோடில் ஒரு சின்னப் படகு வந்தது. யாரோ பணக்காரர்கள் உல்லாசமாகச் சுற்றிய ஃபைபர் படகு. ஐந்தாறு பேர் உட்காரலாம். ரிஜெக்ட்டு சுற்றிவந்து பார்த்தார். ஃபைபர் உலைக்கு ஆகாது. உடம்பின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு மதில் ஓரமாகத் தள்ளச் சொன்னார். உள்ளே இருந்த என்ஜின், பின்னால் தொங்கிய இரும்பு சமாசாரம் எல்லாம் பாஸ். கேஸ் வைத்து வெட்டி உலையில் போட்டாயிற்று. அது இப்போது ஏதோ ஓர் அடுக்குமாடியில் கம்பியாக நின்றுகொண்டிருக்கும்.

அப்புறம்தான் வினை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனுஷன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படகின் நிழலில் உட்கார ஆரம்பித்தார். தட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். உள்ளே ஏறி உட்கார்ந்துகூடச் சாப்பிட்டார்.

"இன்னா சார், அத்தையே பாத்துக்கினு கீறீங்க?" என்றேன்.

"நைனா, பஸ்ஸுன்னா எவனோ ஓட்றான், எவனோ பிரேக் புடிக்கிறான். எப்டி நம்பி ஏறுறது? இது நம்ம வண்டி. நட்டு போல்ட்டு வரிக்கும் நம்ம செக்கிங். பழவேற்காடு ஏரில வசந்தாவ ஒரு தபா உக்கார வச்சி ஓட்டிக் காட்டணும். பாவம், அது எங்கியும் போனதே இல்ல."

எதனால் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. மேலதிகாரி.

ஆலைக்காரர்கள் குப்பை ஒழிந்தது என்று படகைக் கொடுத்துவிட்டார்கள். அது கவரைப்பேட்டையில் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வாடகை வீடு. வசந்தா அக்கா முதல் வாரம் திட்டினார், அடுத்த வாரம் அதில் மிளகாய் காயப்போட்டார். மிளகாய் நன்றாகக் காய்ந்தது.

இப்போது என்ஜின் வேண்டும். இந்த மாதிரிப் படகில் என்ஜின் உள்ளே, பின்பக்கமாக உட்கார்ந்திருக்கும். பின்பலகையில் ஓட்டை போட்டு வெளியே ஒரு கால் தொங்கும். காலின் நுனியில் விசிறி. அந்தக் காலுக்கு ஸ்டெர்ன் டிரைவ் என்று பெயர். என்ஜினின் சக்தியைத் தண்ணீருக்குக் கொண்டுபோவதும், படகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவதும் அதுதான். என்ஜினுக்கும் காலுக்கும் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்: சுற்றுகிற வேகம், சுற்றுகிற திசை, மாட்டுகிற துளைகள், பின்பலகை தாங்குகிற எடை. இரண்டையும் தானே உலைக்கு அனுப்பிவைத்துவிட்டு, ரிஜெக்ட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே இரண்டையும் தேடிக்கொண்டு அலைந்தார். துணைக்கு நான். ஏனென்றால் என்னிடம் மொபெட் இருந்தது. அதையும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி பம்ப்செட் என்ஜினைக் காட்டினார். "நின்ன எடத்துலயே ஓடிப் பழகினது. இதுக்கு நகரத் தெரியாது" என்று ரிஜெக்ட் ஆனது. புதுப்பேட்டையில் ஒரு வாடகைக் காரின் டீசல் என்ஜின். "இத்த பின்னாடி வச்சா, முன்னாடி குந்தறவன் வானத்ததான் பாக்கணும்." காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் ஒன்றைப் பார்த்தோம். அதற்குள் எங்கள் படகை வைக்கலாம் போலிருந்தது.

கடைசியில் யாரோ சொல்லி, பழவேற்காட்டில் காஜா பாயிடம் போனோம். பழைய படகு என்ஜின்களை வாங்கி, சரிபண்ணி விற்கிறவர். ஷெட் முழுக்க என்ஜின்களும் கால்களும். ரிஜெக்ட்டின் முகத்தில் அன்று நான் பார்த்த சந்தோஷத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. பாய் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் ரிஜெக்ட்டு வேலையை முடித்திருந்தார். கைப்பழக்கம். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பிடிக்காத ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுவிட்டார். பிடித்தது ஒன்றும் இல்லை. கண்ணில் பட்ட சரக்கு அத்தனையும் சிவந்து நின்றது.

பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். "சார்... இன்னா சார் இது?"

"எல்லாம் செக் பண்ட்டேன் பாய். ஒண்ணும் தேறல" என்றார் ரிஜெக்ட்டு, பாய்க்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு.

அன்று நாங்கள் மொபெட்டைக் குனிந்து பார்க்காமலே ஏறினோம்.

அடுத்த வாரம் காஜா பாய் விசாரித்துக்கொண்டு கவரைப்பேட்டைக்கே வந்துவிட்டார். "வர்ற கஸ்டமர் எல்லாம் 'இன்னா பாய், மொத்தமும் காலியா'ன்னு கேக்கறான்! மண்ணெண்ணெய் போட்டாலும் போவல, தின்னர் போட்டாலும் போவல! எங்க அந்த மன்சன்?"

அந்த மனுஷன் படகுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார். வசந்தா அக்காதான் எதிர்கொண்டார். "குந்து பாய். வெயில்ல வந்துகீற. சாப்ட்டு அப்பால திட்டு" என்று இலை போட்டார். பாய் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே திட்டினார். அக்கா பரிமாறிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, படகைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யோவ், வெளிய வா. நல்லா கேட்டுக்க. வர்ற காணும் பொங்கலுக்கு நீ என்னை இதுல ஏத்திக்கினு போவணும். போவலைன்னா இத்த அறுத்து கோழிக்குக் கூண்டு பண்டுவேன். அத்தோட என்னை எங்கியும் வான்னு கூப்டாத. சாவற வரிக்கும் கூப்டாத. நான் வரவும் மாட்டேன்."

கோழிக்கூண்டுக்கு அவர் அசையவில்லை. கடைசி வார்த்தைக்கு அசைந்தார். படகைவிட்டு இறங்கி வந்து, பாய்க்கு எதிரே உட்கார்ந்தார்.

மறுநாளே அக்கா எங்களோடு பாயின் ஷெட்டுக்கு வந்தார். சிவப்புக் குறிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாய், இதுல எதுனா ஒரே படகுல என்ஜினும் காலும் ஒண்ணா இருந்து, ஒண்ணா வந்தது கீதா?"

பாய் மூலையில் ஒரு தார்ப்பாயை விலக்கினார். சின்ன டீசல் என்ஜின், கால் இன்னும் அதோடு சேர்ந்தபடியே இருந்தது. "எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி படகு. பாறைல மோதி ஒடம்பு ஒடைஞ்சி போச்சி. இது ரெண்டும் ஜோடியா நல்லா கீது. சார் கண்ணுல படல, அதான் பொழச்சிது."

ரிஜெக்ட்டு குனிந்தார். அளந்தார். எடை சரி, துளைகள் சரி, திசை சரி. கை தன்னால் பைக்குப் போனது.

"பேனாவ உள்ள வை" என்றார் அக்கா.

"இல்ல வசந்தா, ரப்பர் ஹோஸு பழசு."

"மாத்திக்கலாம்."

"பெயிண்ட்டு போயிகீது."

"உனக்குக்கூடதான் முடி போயிகீது. நான் மாத்தினேனா?"

பேனா உள்ளே போனது. காஜா பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

பாயே கவரைப்பேட்டைக்கு வந்து மாட்டிக்கொடுத்தார். அந்த நாட்களில் ரிஜெக்ட்டு அவரைப் படுத்திய பாடு தனிக்கதை. ஒவ்வொரு போல்ட்டையும் பாய் முறுக்க, இவர் கழற்றிப் பார்த்து மறுபடி முறுக்கினார். "எனக்கு பேஜாரா கீது சார், நீங்களே மாட்டிக்கோங்க" என்று பாய் கோபித்துக்கொண்டு போவார். மீன் குழம்பு வாசனைக்குத் திரும்பி வருவார்.

காணும் பொங்கல் வந்தது. பழவேற்காட்டில் தேர்க்கூட்டம். டிராக்டரில் கட்டி இழுத்துப் போய்ப் படகை ஏரியில் இறக்கினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. வசந்தா அக்கா பட்டுப்புடவை கட்டி, மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டி, மடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்தார். "முன்னாடி எடை கம்மியா கீது, நீ குந்து" என்று என்னை முன்னால் உட்காரவைத்தார் ரிஜெக்ட்டு. அழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. என்ஜின் பிடித்துக்கொண்டது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அக்கா போட்ட கூச்சல் கரை வரை கேட்டிருக்கும். கரையில் காஜா பாய் இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். அக்காவும் சந்தோஷமாகக் கை ஆட்டினார்.

பாய் வழியனுப்பவில்லை. "வடக்கால போ, கழி நட்ட பக்கமா போ" என்று கத்தியிருக்கிறார். பழவேற்காடு ஏரி பார்க்கத்தான் கடல். கழி நட்டு அடையாளம் வைத்த வழியை விட்டு விலகினால் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். எங்கள் படகின் காலோ நன்றாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற கால். நூல் அளவு பிசகையும் கண்டுபிடிக்கிற மனுஷன், நட்டை அளந்தார், போல்ட்டை அளந்தார், பின்பலகையை அளந்தார். ஏரியை அளக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பாய்க்கும் கேட்கத் தோன்றவில்லை. முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகப்போகிறோம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நடு ஏரியில் கறுப்பாகச் சேறு பொங்கியது. என்ஜின் ஒரு முறை கனைத்துவிட்டு நின்றது.

ரிஜெக்ட்டு படகின் காலைத் தூக்கிப் பார்த்தார். தூக்கினால் படகு மிதந்தது, நகரவில்லை. இறக்கினால் சேற்றில் புதைந்தது, மிதக்கவில்லை. நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். சேறு என் செருப்பை வாங்கிக்கொண்டது. படகு ஒரு முழம் நகர்ந்தது, அடுத்த அடி வைக்க என்னால் முடியவில்லை.

அந்த மனுஷனை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. அழுதுவிடுவார் போலிருந்தது. "தப்பு பண்ட்டேன் வசந்தா. காலு இல்லாத என்ஜினா பாத்திருக்கணும். இதுக்குக்கூட ஒழுங்கா கூட்டினு வர தெரில எனக்கு" என்றார்.

அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. மூடியில் போட்டு அவர் கையில் கொடுத்தார். சுற்றிலும் தண்ணீர், எங்கேயோ தூரத்தில் நாரைகள், காற்று. ரிஜெக்ட்டு சாப்பிட ஆரம்பித்தார். மூடியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில், கழி ஊன்றுகிற நாட்டுப்படகு ஒன்றில் காஜா பாய் எங்களைத் தேடி வருவது தெரிந்தது. ரிஜெக்ட்டு எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டி, இங்கே வா என்று கூப்பிட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"குந்துய்யா. கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்கூட இம்மா நேரம் நீ சும்மா குந்தினதே இல்ல. பாய் மெதுவா வரட்டும்."

ரிஜெக்ட்டு திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் மறுபடி எழுந்து, பாயை நோக்கிக் கையை எதிர்ப்பக்கமாக ஆட்டினார்: போ, போ, அப்புறம் வா. பாய் பாதித் தூரத்தில் கழியை ஊன்றி நின்று, ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முழங்கால் சேற்றில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அன்று வீடு திரும்ப அவசரமே இல்லை.