சூசைமுத்து மறைத்த சர்க்கரை

தன் உடம்பில் சர்க்கரை இருக்கும் சேதியை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் சொல்வதில்லை என்று சூசைமுத்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவெடுத்தார்.

திண்டிவனத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை அவருடையது. எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் அந்த மூக்கு வேலை செய்யாது. ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. விழுப்புரம் டாக்டரம்மா தினமும் போடச் சொன்ன இரண்டு மாத்திரைகளையும் அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். "மாத்திரைக்கும் லீவு வேணும்ல" என்பது வெளியே சொல்லும் காரணம். மருந்துக்கடை பில்தான் நிஜமான காரணம்.

பக்கத்துக் கடை ராயப்பனுக்குக் காலில் ஒரு சின்னப் புண். சர்க்கரை அதை ஆறவிடவில்லை. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் படுத்து, லேத் மெஷினை விற்றுவிட்டு, விரல் ஒன்று குறைவாக வீடு திரும்பினார். மனைவியோடு அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சூசைமுத்துவுக்கு ஒரே நினைப்புதான். பாலிசி எடுத்தே ஆகவேண்டும். ஆனால் சர்க்கரை இருக்கிறது என்றால் பிரீமியம் ஏறுமே! சொன்னால்தானே ஏறும்?

"மேரி, நம்ம ரெண்டு பேருக்கும் பாலிசி எடுக்கப் போறேன். ஏஜெண்டு வந்தா சுகர்னு வாயத் தொறக்காத."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்தோணிமேரி நிமிரவில்லை. "பொய் சொல்லப் போறீங்களா?"

"பொய் எங்கடி சொல்றேன்? சொல்லாம வுடறேன். அது வேற, இது வேற."

"அவங்களே கேப்பாங்களே, சுகர் கீதா, பிபி கீதான்னு?"

"கீதாவும் இல்ல, சீதாவும் இல்லன்னு சொல்லிடுவேன்."

"நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரில படுத்தா, பழைய சீட்டெல்லாம் தோண்டி எடுத்து, மறைச்சிட்டியேன்னு கைய விரிச்சிடுவான். கட்டுன பணமும் அம்போ."

"தோ பாரு, மனுசனுக்கு மனுசன் ஒரு பாலிசி இருக்கும். இது என் பாலிசி."

"அந்த பாலிசிய வச்சிக்கினு எந்த பாலிசியும் எடுக்க முடியாதுங்க."

சூசைமுத்து குரலை உயர்த்தினார். "இந்த வூட்டுல நான்தான் ஆம்பள. நான் சொன்னா சொன்னதுதான்."

"சரிங்க" என்றாள் அந்தோணிமேரி.

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக ஒரு 'சரிங்க' அவள் வாயிலிருந்து உதிர்ந்ததே இல்லை. வேறு புருசனாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். சூசைமுத்து மீசையைத் தடவிக்கொண்டே கடைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது ஏஜெண்ட் வேங்கடேசன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்த் தெருக்காரர். முதல் பூசைக்கே போய்வந்துவிட்ட மேரி கொடுத்த காபியை அவர் குடித்தும் முடித்திருந்தார்.

"அண்ணே, அண்ணி எல்லாம் சொன்னாங்க. சுகர மறைக்கிறது ஒண்ணும் பெரிய வேல இல்ல. கம்பெனி ஒரே ஒரு ரத்த டெஸ்ட்தான் எடுக்கும். விழுப்புரத்துல."

"அவ்ளோதான? மொத நாள் பட்டினி கெடந்துட்டுப் போயிடறேன்."

"அது பழைய டெஸ்டுண்ணே. இது மூணு மாசச் சராசரி. மூணு மாசமா நீங்க துன்னது அத்தினியும் ரத்தம் போட்டுக் குடுத்துடும்."

"அத்தினியுமா?"

"அத்தினியும்."

சூசைமுத்துவின் கண்முன் பஸ் ஸ்டாண்டு பேக்கரியும், அதன் கண்ணாடிப் பெட்டியும், அதில் வரிசையாக இருந்த தேங்காய் பன்னும் வந்து நின்றன. அவருக்கு வியர்த்தது.

"அப்போ மூணு மாசம் டைம் குடு. எறக்கிக் காட்றேன்."

"அது முடியாதுங்க தம்பி" என்று உள்ளேயிருந்து மேரி குறுக்கே வந்தாள். "இவரு வாயக் கட்ற ஆளா? வீண் பேஜாரு. நீங்க கெளம்புங்க."

"யாரால முடியாது?"

"உங்களாலதான்."

"பாத்துக்கினே இரு" என்றார் சூசைமுத்து. எழுந்து நின்று சொன்னார். நின்று சொன்ன வார்த்தையை உட்கார்ந்துகொண்டு மாற்ற முடியவில்லை.

மறுநாளிலிருந்து ஊரே அவரை வேடிக்கை பார்த்தது. விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். முதல் வாரம் நாய்கள் துரத்தியதால் வேகமாக நடந்தார். அப்புறம் நாய்களுக்கு அலுத்துப்போனது. அவருக்குப் பழகிப்போனது. வீட்டில் கேப்பைக் களி, கீரை, மறுபடியும் களி. டீக்கடையில் 'சர்க்கரை இல்லாமல்' என்று சொல்லும்போது, யாரோ காதைப் பிடித்துத் திருகுவதுபோல் முகம் போகும். மாத்திரைக்கு லீவு ரத்து. ஒருநாள் விட்டாலும் சராசரி ஏறிவிடும் என்ற பயம் ஆளை ஆட்டி வைத்தது.

தினமும் போட்டால் பில் இரண்டு பங்காகுமே என்று புலம்பியபோது, மேரி அவரை டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்துக் கேட்டாள். "அம்மா, அரசாங்கக் கடையில வெல கொறச்சலா விக்கிறாங்களே, அந்த மாத்திரைய போடலாமா? பவர் இருக்காதுன்னு இவரு சொல்றாரு."

"மருந்து ஒண்ணுதாங்க. அட்டைல பேருதான் வேற" என்றார் டாக்டரம்மா.

"பேருக்குத்தான் இத்தினி வருசமா காசு குடுத்தனா?" என்று சூசைமுத்து வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். இரண்டு பங்காகும் என்று அவர் பயந்த பில், பழைய பில்லுக்கும் கீழே போய்விட்டது.

இரண்டாம் மாதம் ஒரு சோதனை வந்தது. கண்டாச்சிபுரத்திலிருந்து கொளஞ்சி என்கிற விவசாயி, மோட்டாரைச் சரிசெய்து கருகும் பயிரைக் காப்பாற்றிக் கொடுத்த நன்றிக்கு ஒரு டப்பா நிறைய, நிலக்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை கொண்டுவந்தார். வெல்லப் பாகு வாசனை கடை முழுக்கப் பரவியது.

"வூட்டுல பண்ணுனது. ஒண்ணு வாயில போடுங்க மேஸ்திரி."

"வேணாங்க."

"அட, ஒண்ணே ஒண்ணு. சுகரா உங்களுக்கு?"

எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல இவ்வளவு பாடுபடுகிறாரோ, அதே கேள்வி! இல்லை என்றால் உருண்டையைத் தின்ன வேண்டும். தின்றால் ரத்தம் காட்டிக் கொடுக்கும். சூசைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாங்க, சுகர்தான்" என்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகு தலையில் ஒன்றும் இடி விழவில்லை. கொளஞ்சி "எனக்கும்தான்" என்று சொல்லி, டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே இருந்த டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எப்பவோ எடுத்தப்ப பத்துல இருந்த சராசரி ஆறரைக்கு வந்திருக்கே! இன்னாங்க பண்ணீங்க? ரெண்டு மாத்திரைல ஒண்ண நிறுத்திடலாம். இன்னொண்ண மட்டும் விடாம போடுங்க."

சூசைமுத்து வெளியே வரும்போது தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி வந்தார். எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்து, "பூரி ஒரு செட்டு, ஜல்தி" என்றார். மேரி எதிரே உட்கார்ந்தாள்.

"வேங்கடேசனுக்கு போன் போடு மேரி. ரிசல்ட்ட கம்பெனிக்கு அனுப்பச் சொல்லு."

"எந்தக் கம்பெனிக்குங்க?"

"இன்னா கேள்வி இது? பாலிசி கம்பெனிக்கு."

"அவங்களுக்கு எதுக்கு இது? பாலிசி எடுத்து மூணு மாசம் ஆவுது."

சூசைமுத்து தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு எடுத்தா?"

"நான்தான். என் பேர்ல, உங்களையும் சேத்து எடுத்தேன். சுகர் கீதுன்னு பளிச்சுன்னு சொல்லிட்டேன். பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்திதான். சீட்டு எடுத்த பணத்துல கட்டிட்டேன்."

"அப்போ கம்பெனி டெஸ்ட்டுன்னு வேங்கடேசன் சொன்னானே?"

"அது டாக்டரம்மா வருசா வருசம் எடுக்கச் சொல்ற டெஸ்ட்டுங்க. நீங்கதான் ஒரு வாட்டிக்கு அப்புறம் பக்கத்துலயே போவ மாட்டீங்களே."

"அவனும் கூட்டா?"

"பாவம், அவருக்கு பொய்யே வரல. நீங்க பூசைல இருந்து வர்றதுக்குள்ள ரெண்டு வாட்டி ஒத்திக பாத்தோம்."

சூசைமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் காட்டுவது? இறங்கியது அவருடைய சர்க்கரை. குறைந்தது அவருடைய பில்.

மேரி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "ராயப்பண்ணன் காலப் பாத்துட்டு வந்த அன்னிக்கு நான் கண்ண மூடலங்க. நீங்க நல்லா தூங்கினு இருந்தீங்க. போத்தியிருந்தத வெலக்கி உங்க கால் வெரல எண்ணிப் பாத்தேன்."

சூசைமுத்து மேசைக்கு அடியில் செருப்புக்குள் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் பூரி வந்தது. இரண்டும் பந்துபோல் உப்பி, கிழங்கு மசாலாவோடு ஆவி பறக்க இருந்தன. சூசைமுத்துவின் முகம் மலர்ந்தது.

"சரி வுடு. எப்டியோ பாலிசி வந்துடிச்சி. இனிமே சுகருக்கு இன்னா செலவு வந்தாலும் கம்பெனி பாத்துக்கும். நமக்கின்னா?"

"பாத்துக்கும்ங்க. ஆனா சுகரால வர்ற செலவுக்கு மட்டும் மூணு வருசம் ஆவணுமாம். அதுவரைக்கும் பைசா தரமாட்டாங்களாம்."

"மூணு வருசமா? அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆச்சின்னா?"

"ஆவக்கூடாது" என்றாள் மேரி.

தட்டில் பூரி மெல்ல அமுங்கியது. மேரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சப்ளையரைக் கூப்பிட்டாள். "இவருக்கு ரெண்டு இட்லி குடுங்க."