பேத்தியின் முதல் நடையும் பழைய கிராஃபிக்ஸ் கார்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. வீட்டில் கம்ப்யூட்டரைத் தவிர அனைவரும் நலம். கப்பலில் நீங்களும், நீங்கள் கவனித்துக்கொள்ளும் என்ஜினும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பேத்தி முதன்முதலாக நடந்ததை என் போனில் பிடித்து அனுப்ப, நீங்கள் ஆசையாகத் திறந்து பார்த்து, "மாமா, குழந்தை எது, சோபா எதுன்னே தெரியல, சத்தமும் வரல" என்று பதில் போட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கப்பல் இணையம் பெரிய ஃபைலைத் தாங்காது என்று நீங்கள் எச்சரித்திருந்ததால், காலமெல்லாம் கிடங்கில் சரக்குக் கட்டியவன் என்ற தைரியத்தில், வீடியோவைச் சுருக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். முதலில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரிடம் கொடுத்தேன். எதை விட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று அது ஒவ்வொரு காட்சியாக யோசித்து யோசித்து அரைத்தது. அதன் விசிறி போட்ட இரைச்சலில் உங்கள் மாமியார், "வீட்டுக்குள்ள லாரி ஓட்றீங்களா? குழந்த இப்பதான் கண் அசந்தா!" என்று சுவிட்சை அணைத்துவிட்டார். பொறுத்திருந்து மறுபடி போட்டிருந்தால் ஃபைலும் சின்னதாக, முகமும் தெளிவாக வந்திருக்கும். எனக்கு எங்கே பொறுமை? கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "அந்த வேலைய, உள்ள படம் காட்டறதுக்குன்னே இருக்கற கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாத்திவிடுங்க சார், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். முடிந்தது. ஆனால் ஃபைல் வீங்கி வந்தது. உங்கள் மாமியார் மடித்து வைத்தால் ஒரு பெட்டியில் அடங்கும் துணி, நான் அவசரமாகத் திணித்தால் இரண்டு பெட்டி கேட்கும் அல்லவா, அந்தக் கதைதான். பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூடுவதுபோல, அளவைப் பாதியாக்கு என்று அதே கார்டுக்கு உத்தரவு போட்டேன். அது மறுபேச்சில்லாமல் குழந்தையின் முகத்தைக் கட்டம் கட்டமாகக் கசக்கிவிட்டது. கடைக்காரரோ சாவகாசமாக, "உங்க கார்டு ரொம்பப் பழசு சார், புதுசா இருந்தா இவ்வளவு மோசமா வராது" என்கிறார். இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா அந்த மனுஷன்!

போதாக்குறைக்கு, சரக்கை மாற்றிக் கட்டியதும் காலிப் பெட்டியைத் தூக்கிப் போடும் கிடங்குப் பழக்கத்தில் அசல் வீடியோவையும் அழித்துவிட்டேன். உங்கள் மனைவி எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் மனிதருக்கு மகளின் முதல் நடையைக்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லையே என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. மன்னித்துவிடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மாமியார் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

வெட்கத்துடன்,
மாமா

பி.கு.: முகம் கசங்கியதற்கு மட்டும்தான் கார்டு பொறுப்பு. சத்தத்தை எடுத்தது நான். தத்தித் தத்தி என்னிடம் வந்தவள், என் முகத்தைப் பார்த்து "அப்பா" என்றாள். ஒரு நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம் உங்கள் நினைவு வந்தது, அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். அசலை அழித்தேன் என்றதும் பொய். என்னிடம்தான் இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள். அவள் உங்களை ஒருமுறை அப்படிக் கூப்பிடட்டும், பிறகு தருகிறேன்.