ஆறு வர வேண்டிய நாற்பத்தெட்டு முகவரிகள்

தெலுக் பங்லிமா காராங்
வியாழக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் புனிதா வணக்கத்துடன் எழுதுவது. ஈப்போவில் நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் அறுவைக்குப் பிறகு திரை எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி குகன் சொன்னான். அதனால்தான் கையால், பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நாளை சோதனை இருப்பதால் நலமில்லாதவர்களும் வேலைக்கு வருகிறார்கள்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு இது பதில். "உன் தம்பி நம்ம ஐஸ் ஸ்டோருக்கு ஒரு நம்பர் சாஸ்திரக்காரரைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கானாமே, அவர் இருக்கட்டுமா, போகட்டுமா? நீ படிச்ச பொண்ணு, நீ சொல்றதுதான்" என்றீர்கள். நாற்பத்தொன்பது வயதில் என்னைப் பொண்ணு என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் மிச்சம், அதற்கு நன்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவரை அனுப்பிவிடலாம். காரணங்கள் கீழே.

நம் பன்னிரண்டு குளிர் அறைகளிலும் அறைக்கு நான்காக நாற்பத்தெட்டு வெப்பமானிகள் இருக்கின்றன. இதுவரை அவை எல்லாவற்றுக்கும் இணையத்தில் வெளியே தெரிகிற முகவரி ஒன்றே ஒன்றுதான், ஒரு கம்பத்து ஜனங்கள் எல்லாருக்கும் ஒரே தபால் பெட்டி வைத்ததுபோல. பழைய வகை முகவரிகள் உலகத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதால் இப்படிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது புதிய வகை வந்திருக்கிறது. எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்து நீளமாக வரும். எத்தனை கொடுத்தாலும் தீராது. இறால் ஏற்றுமதி செய்யும் நம் பெரிய வாடிக்கையாளர் முழுக்க இதற்கு மாறிவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு அவர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நம் வெப்பமானிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நாற்பத்தெட்டும் பச்சையாகத் தெரிய வேண்டும். சோதனை முடியும் வரை எந்த அறைக் கதவையும் திறக்கக் கூடாது. ஒன்று தெரியாவிட்டாலும் அவருடைய சரக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள இன்னொரு ஸ்டோருக்குப் போகும். நம் அறைகளில் பாதி அவருடைய இறால்தான். அந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் தனலெட்சுமிக்குக் கீழே இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

புதிய வகைக்கு மாற வாடிக்கையாளர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். அதில் இரண்டு மாதத்தை, வேறு யாராவது முதலில் மாறட்டும், என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்று கழித்தோம். மற்ற கம்பெனிகளும் நம்மைப் பார்த்துக்கொண்டு அதையே செய்ததாகக் கேள்வி. நம் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் அச்சகத்தார் தவறாகச் சேர்த்துவிட்டதாக நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது 'ஏ'யையே இருபத்தெட்டு வருடமாக மாற்றாத கம்பெனி இது, வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகு நான் எல்லாரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விளக்கினேன். கேள்வி இருக்கிறதா என்றபோது தனலெட்சுமி மட்டும் கையைத் தூக்கி, "அக்கா, இவ்ளோ நீட்டா இருக்கே, ஃபோன்ல கேட்டா எப்படிலா சொல்றது?" என்றாள். அன்று கேட்கப்பட்ட ஒரே அறிவார்ந்த கேள்வி அது.

நான் தயாரித்த முகவரிப் பட்டியலைக் குகனிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் கூட்டிப் பார்த்தீங்களா?" என்றான். எதற்குக் கூட்ட வேண்டும் என்றேன். "என் கார் நம்பர் கூட்டினா ஆறு, லோரி எல்லாம் ஆறு, ஆபீஸ் ஃபோன் ஆறு. இது மட்டும் எப்படியோ போகட்டும்னு விட முடியுமாக்கா?" கார் எண்ணுக்காக அவன் எட்டு மாதம் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும், அதுவரை நான்தான் அவனை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுநாளே பிரிக்பீல்ட்ஸிலிருந்து நாகையா மாஸ்டர் வந்துவிட்டார். வயது அறுபத்திரண்டு. ஒரு சேலைக்கடையின் மாடியில் முப்பது வருடமாக எண் பார்த்தவர். இப்போது ஜனங்கள் கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்வதால் போன தீபாவளியோடு அறையைக் காலி செய்துவிட்டார். குகன் அவருக்குத் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறான். ரயிலில் கிள்ளான் வரை வந்து, அங்கிருந்து நம் லோரியில் ஏறி வருகிறார். இங்கிருந்து போனால் அவருக்குப் போக இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்டது என் அபிப்பிராயத்தை.

வந்த அன்றே பட்டியலைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் விளக்கியும் யாருக்கும் புரியாத விஷயம், எண்களுக்கு நடுவில் எழுத்து ஏன் வருகிறது என்பது, அவருக்கு விளக்காமலே புரிந்தது. "எழுத்துன்னாலும் நம்பர்தானேம்மா. ஏக்கு ஒண்ணு, பிக்கு ரெண்டு, எஃப்புக்கு எட்டு." நான், "இல்லை மாஸ்டர், இதில் ஏ என்றால் பத்து" என்றேன். "பத்துன்னு யார் சொன்னா?" "கம்ப்யூட்டர்." "கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" மனிதர்கள்தான் என்றேன். "அதான் பார்த்தேன்" என்று கூட்ட ஆரம்பித்துவிட்டார். எல்லா முகவரிக்கும் முன்பாதி ஒன்றாகவே இருப்பதையும் நான் சொல்லாமலே கவனித்தார். "இது இனிஷியல்மா, அப்பா பேர். அதுல கை வைக்க முடியாது. பின்னாடி உள்ளதுதான் நாம வைக்கிற பேரு." என் விளக்கவுரையைவிட இது தெளிவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நாற்பத்தெட்டுக்கும் கடைசி நான்கு இடங்களை மாற்றி, அந்த நான்கையும் கூட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஆறு வரும்படி, பச்சை மையில், மூன்று தாள்களில் எழுதிவிட்டார். கணினியில் தட்டச்சு செய்கிறேன் என்றால் குகன் விடவில்லை. பூஜையில் வைக்கும் வரை அதற்குப் பிரதி எடுக்கக் கூடாதாம். செவ்வாய்க்கிழமை மாஸ்டர் அந்தத் தாள்களைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க, குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தனலெட்சுமியும் அவள் ஆட்களும் அறை அறையாக உள்ளே போய் வெப்பமானிகளில் முகவரிகளைப் பதிந்தார்கள். "மாஸ்டர், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க லா, இங்க மூக்கு விழுந்துரும்!" என்று அவள் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

இன்று காலை பூஜை. புதிதாக வாங்கிய எதற்கும் நாலு மூலையில் மஞ்சள் வைப்பதுபோல அந்த மூன்று தாள்களுக்கும் தனலெட்சுமி கட்டைவிரலால் மஞ்சள் வைத்தாள். அவள் கட்டைவிரல் சிறியதல்ல. மதியம் அந்தத் தாள்களைப் பார்த்து நான் தட்டச்சு செய்து பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். முதல் தாளின் கடைசி வரியில், நான்கு என்ற எண் ஆகாதென்று நாம் 3ஏ என்று அழைக்கும் அறையின் நான்காவது வெப்பமானிக்கான முகவரியில், மஞ்சள் ஓர் எண்ணின் பாதியை மறைத்திருந்தது. நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஒன்று என்று அடித்தேன். மாஸ்டர், "அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டுமாம்மா?" என்று கேட்டார். தேவையில்லை என்றேன்.

ஆக, என் முடிவு இது. ஒரு வேலையை ஒரு நாளில் முடிக்காமல் மூன்று வாரம் இழுத்ததற்கு அவர் காரணம். எந்த முகவரியைக் கூட்டினால் எத்தனை வந்தாலும் வெப்பமானிக்குக் கவலையில்லை. நாளை சோதனை முடிந்த பிறகு மரியாதையாக ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிடலாம். நீங்கள் குகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் வார்த்தையை அவன் மீற மாட்டான்.

சித்திக்கு என் வணக்கம். கண்ணில் மருந்து விட மறக்க வேண்டாம். உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் கிடைக்கட்டும் என்று வேண்டுகிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்று கேட்க மாட்டீர்கள் என்றும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மகள் போன்ற
புனிதா

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை மதியம்: மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் பார்த்து எழுதினால் பிழை வரும். அண்மையில் அந்த அனுபவம் கிடைத்திருக்கிறது.

பத்து மணிக்கு நாற்பத்தேழு பச்சை வந்தது. நாற்பத்தெட்டாவது வரவில்லை. 3ஏ அறை, நான்காவது. வாடிக்கையாளரின் ஆள் தொலைபேசியில் மிகவும் பணிவாக, பதினைந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். மின்சாரத்தைப் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன், இணையப் பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டேன். வெப்பமானியின் முகத்தில் முகவரி தெரியும், ஆனால் அது மூடிய கதவுக்கு உள்ளே இருந்தது. வேறு விதமாகவும் கண்டுபிடிக்கலாம், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். தனலெட்சுமி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "திறந்துரட்டுமாக்கா?" "வேண்டாம்." "அப்ப என்னக்கா செய்யறது, சும்மா நிக்கவா?" அவளுடைய ஆட்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். குகன் பிள்ளையார் படத்தைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் பாக்கி.

மாஸ்டர் மேசையை விட்டு எழுந்து வந்து நான் அனுப்பிய பட்டியலின் பிரதியை எடுத்தார். அந்த வரியில் விரலை வைத்தார். "மூணு. ஏ ஒண்ணு, நாலாச்சு. ஒண்ணு, அஞ்சு. டி நாலு, ஒம்பது." நிமிர்ந்தார். "ஒம்பது வருதும்மா. நான் ஒம்பது போடல. எல்லாத்துக்கும் ஆறுதான் போட்டேன்." மறுபடி குனிந்தார். "இந்த ஒண்ணு, ஒண்ணு இல்ல. ஏழு. அப்பதான் பதினஞ்சு, ஆறு." வாடிக்கையாளரின் ஆளிடம் ஒன்றை ஏழாக மாற்றச் சொன்னேன். நாற்பத்தெட்டாவது பச்சை வந்தது. தனலெட்சுமி கைப்பிடியை விட்டுவிட்டு, "மாஸ்டர், மத்தியானச் சாப்பாடு இன்னிக்கு என் கணக்கு லா!" என்றாள். அவருடைய ஆறுக்கும் குளிர் அறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்து, என்ன வர வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ஆகவே அவரை அனுப்ப வேண்டாம். குகனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இனிமேல் எந்த முகவரிப் பட்டியலும் அவர் கூட்டிப் பார்க்காமல் இங்கிருந்து வெளியே போகாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. உறையின் மேல் உங்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் தண்ணீர் குடிக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "தம்புசாமி அண்ணனுக்கா? நான் கேட்டேன்னு எழுதுங்கம்மா. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் வந்து கேட்டு நான் போட்டுக் கொடுத்த ரெண்டாவது 'ஏ' இன்னும் போர்டுல இருக்கு, வந்த அன்னிக்கே பார்த்தேன். சந்தோஷமா இருந்துச்சு" என்றார். எழுதிவிட்டேன். குகனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சித்தப்பா. அது அச்சகத்தின் பிழையாகவே இருக்கட்டும்.