நீச்சல் குளத்துக்குப் பிடித்த தோஷம்

தெருவே திரண்டு வந்துவிட்டது. கேட்டைத் திறக்கக்கூட இடமில்லை. பல் மருத்துவர் வந்தார், வங்கி மேலாளர் வந்தார், கையில் காலி பாட்டிலோடு எதிர்வீட்டுக்காரரும் வந்தார். எதற்கு? பாசி பார்க்க. கொல்லைப்புறத்து நீச்சல் குளம் பச்சைப் பசேலென்று கிடக்கிறதாம். அதைத் தெளிய வைக்க நீர்ச்சித்தர் எழுந்தருளுகிறாராம். படித்தவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

சின்ன மருமகள் சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தாள். மூத்தவள் கணவனோடு வெளியூரில் இருந்தாள். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில்தான் தண்ணீர் பச்சையானது. மாமியார் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். நடந்தது என்னவோ வேறு. விருந்தாளிகளின் தூக்கம் கெடக் கூடாது என்று வடிகட்டி மோட்டாரை நிறுத்தச் சொன்னதே மாமியார்தான். விருந்தாளிகள் போனார்கள். மோட்டாரை மறுபடி போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. குளோரின் டப்பாவும் மூடி திறக்காமல் கிடந்தது. போதாக்குறைக்குச் சித்தர் முதல் தடவை வந்தபோது, குளத்துக்குப் பசி என்று சொல்லி, பாலும் தேனும் ஊற்ற வைத்தார். பாசிக்குக் கேட்கவா வேண்டும்? ஜமாய்த்தது.

அவள் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"மோட்டாரைப் போட்டுத்தான் பாருங்களேன்."

"தண்ணியக் கலக்கக் கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காரு. அம்மா மனசு கஷ்டப்படும்."

கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்க்கிறவன்தான். அம்மா என்றால் மட்டும் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான்.

சித்தர் வந்தார். குளத்தை மோந்து பார்த்தார்.

"தோஷம் தண்ணியில இல்ல, வீட்டுக்குள்ள இருக்கு. யாருகிட்டன்னு இப்பத் தெரிஞ்சிடும். அவங்க தாய் வீட்டுக்குப் போயிடணும். போனாத்தான் குளம் தெளியும்."

கூட்டம் மொத்தமும் சின்னவள் பக்கம் திரும்பியது. திரும்பாதா? அந்த வீட்டில் அனுப்பி வைக்கத் தோதான ஆள் அவள் ஒருத்திதானே.

சித்தர் தம் பையிலிருந்து மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்தார். சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். மாமியார், மகன், சின்னவள் மூவரும் ஆளுக்கொரு டம்ளரில் விரலை விட வேண்டும். அவர் தீர்த்தம் ஒரு சொட்டு விடுவார். தோஷக்காரர் டம்ளர் சிவந்துவிடும். அவ்வளவுதான் சோதனை. பக்கத்தில் இருந்த டம்ளரைச் சின்னவள் எடுக்கப் போனாள்.

"அது இல்லம்மா. இதுதான் உனக்கு," என்று சித்தர் அவசரமாக வேறொன்றை நகர்த்தினார்.

அந்த அவசரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது.

"சாமி, தோஷம் என் விரல்லதானே இருக்கு? டம்ளர்ல இல்லையே?"

"டம்ளர்ல எப்படிம்மா இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. சித்தரும் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது, பாவம்.

"அப்ப நானும் அத்தையும் டம்ளரை மாத்திக்கிறோம்."

"அது... அது முறை இல்ல..." என்று சித்தர் இழுத்தார்.

மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "குடு இங்க. எனக்கென்ன பயம்? நான் பண்ணாத பூஜையா?" என்று மருமகள் டம்ளரைப் பிடுங்கி விரலை விட்டார்.

இத்தனை கண்கள் பார்க்கும்போது சித்தர் என்ன செய்வார்? சொட்டு விட்டார். சின்னவள் டம்ளர் தெளிவாகவே இருந்தது. மகன் டம்ளரும் அப்படியே. மாமியார் டம்ளர் செக்கச் செவேலென்று சிவந்தது.

பல் மருத்துவர் மாமியாரை விட்டு நாசூக்காகத் தள்ளி நின்றுகொண்டார்.

"பெரியம்மாகிட்டயும் லேசா ஒரு தோஷம்..." என்று சித்தர் முனகினார்.

"யாருகிட்ட?" என்றார் மாமியார். "இது நான் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. இந்த வயசுல நான் எந்தத் தாய் வீட்டுக்குப் போறது?"

சின்னவள் சிவந்த டம்ளரை எடுத்துப்போய்ப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் நன்றாகத் தேய்த்து அலசினாள். அதே குழாய்த் தண்ணீரைப் பிடித்து மாமியாரை மறுபடி விரல் விடச் சொன்னாள். சித்தர் கையிலிருந்த குப்பியை வாங்கி அவளே சொட்டு விட்டாள். தண்ணீர் சிவக்கவில்லை.

"ஒரு தேய்ப்புல போற தோஷத்துக்கா சாமி நான் பெட்டியக் கட்டணும்?"

"டம்ளர் உள்ள சலவை சோடாவைத் தடவிக் காய வச்சிருக்கான்," என்றார் பல் மருத்துவர். "இந்த மருந்து அதுல பட்டா சிவக்கும். பள்ளிக்கூடத்துலயே செஞ்சிருக்கோமே." அந்தப் படிப்பு இவ்வளவு நேரம் எந்த ஊருக்குப் போயிருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சித்தர் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். கணவன் யாரும் சொல்லாமலே போய் மோட்டாரைப் போட்டான். மாமியார் மூச்சு வாங்க உட்கார்ந்து, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்," என்றார்.

பட்டாராம். மருமகள் டம்ளர் சிவக்குமென்று காத்திருந்தவரை அது தெய்வச் செயல். தம் டம்ளர் சிவந்த பிறகுதான் அது மோசடி. ஐயா, அம்மா, உங்கள் விரல் மாட்டும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்தவர் விரலைப் பிடித்து இழுக்கும்போதே கொஞ்சம் யோசியுங்கள்.